247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்: மழலைகளும் தமிழ் வாசிப்பும்

பள்ளிப் பாடம் தொடங்கும் முன்பே "எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடு" என்று பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். மழலைக் கல்வியில் பணியாற்றும் ஆசிரியர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. எதைப் பார்த்தாலும் "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறாள். எழுத்து அட்டவணை வாங்கிச் சுவரில் மாட்டி, தினமும் அ, ஆ, இ சொல்லிக்கொடுத்தேன். பாட்டாக ஒப்பிக்கிறாள். ஆனால் நடுவில் 'எ'-வைத் தொட்டுக் கேட்டால் அ-விலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறாள். இப்போது அட்டவணைப் பக்கம் வரவே சலித்துக்கொள்கிறாள். எங்கே தவறு?
– வாசகி, அல்சூர்

அட்டவணை சுவரிலேயே இருக்கட்டும். அதை வைத்துப் பாடம் நடத்துவதை மட்டும் நிறுத்துங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247-ஐயும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வருவோம் என்றால், நாலு வயதுப் பிள்ளைக்கு அது முடிவே தெரியாத காத்திருப்பு. அந்த 247-இல் ஙௌ, ஙூ போன்ற எத்தனையோ எழுத்துகள் நாம் எழுதும் எந்தச் சொல்லிலும் வருவதில்லை. வரிசையாகப் பாடும்போது எழுத்தின் வடிவம் மனதில் ஒட்டாது, அது நிற்கும் இடம்தான் ஒட்டும். அதனால்தான் அவள் எண்ணிக்கொண்டு வருகிறாள்.

அவள் கேட்டது என்ன எழுதியிருக்கிறது என்றுதான். அதனால் முதல் வாரத்திலேயே அவளாக ஒரு சொல்லைப் படித்துவிட வேண்டும்.

ப, ட, ம மூன்றில் தொடங்குங்கள். ப-வும் ட-வும் நேர்க்கோடுகள். ம-வில் ஒரு வளைவு கூடுதல். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு அட்டை செய்யுங்கள். கறுப்பு மார்க்கரில், எழுத்து 5 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு. ம-வின் தலையில் பொட்டு வைத்தால் வாய் மூடிக்கொள்ளும்: ம். பொட்டை எடுத்தால் வாய் திறக்கும்: ம. பொட்டை அவளே ஒட்டி, அவளே எடுக்கட்டும். மெய்யெழுத்து என்றால் என்ன என்று அவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த ஆறு அட்டையில் படம், பட்டம் இரண்டும் கிடைத்துவிடும். மடம், மட்டம் கூட வரும். ஆனால் மடம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதென்றால் அதை விட்டுவிடுங்கள். பிள்ளை பேச்சில் புழங்காத சொல்லைத் தொடக்கத்தில் கொடுக்கவே கூடாது. எழுத்தைக் கூட்டி முடித்ததும் "ஓ, பட்டமா!" என்று முகம் மலர வேண்டும், கூட்டிய பிறகும் ஒன்றும் புரியாவிட்டால் அது வெறும் சத்தம்.

மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினாலும் தயங்காமல் சொல்கிறாள் என்றால் அடுத்து அ, க, ர, துணைக்கால். காலை மெல்லிய தனி அட்டையாக வெட்டுங்கள். ப-வைச் சொல்லச் சொல்லிவிட்டு, காலைத் தள்ளி இருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு வாருங்கள். கால் வந்து ஒட்டியதும் குரல் 'பா' என்று நீள வேண்டும். இப்போது அம்மா, அப்பா, அக்கா, மாமா, பாப்பா, மரம், காகம், டப்பா, டமாரம் எல்லாம் அவள் கையில். வாக்கியமே வந்துவிடும்: 'பாப்பா, படம் பார்.' 'அக்கா, காகம் பார்.' ஆறு எழுத்தும் ஒரு காலும் ஒரு பொட்டும் தெரிந்த பிள்ளை வாக்கியம் படித்துவிட்டது!

அதற்கடுத்து ல, வ, ன, இகர விலங்கு ('மி'-யில் ம-வோடு சேரும் வளைவு): பால், கால், வால், மான், வானம், கடல், மாமி, பாட்டி. ('டி'-யில் விலங்கு மற்ற எழுத்துகளைப் போல ஒட்டாது. அதைத் தனி அட்டையாகவே எழுதிக் காட்டிவிடுங்கள்.) பிறகு த, ச, ந, ய என்று போகலாம். வாரத்துக்கு மூன்று புது வடிவம் போதும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதில் பாதி பழைய அட்டைகளுக்கு. அவள் "இன்னும்" என்று கேட்கும்போதே அட்டைகளைக் கட்டி வைத்துவிடுங்கள், மறுநாள் அவளே எடுத்துக்கொண்டு வருவாள்.

கு, கூ வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கால் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி வரும், உகரம் அப்படி வராது. சு, பு, வு ஒரு வகை. டு, மு, ரு, ளு வேறு வகை. து, நு, லு, னு இன்னொரு வகை. அட்டவணையைப் பார்த்து இதை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அதற்கு எண்ணுப் பெயர்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து: பத்தும் உகரத்தில்தான் முடிகின்றன! வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தால் கிழித்த தாள்களில் 1 முதல் 10 வரை எடுத்து வைத்து, எண்ணின் கீழே அதன் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். எண் அவளுக்கு முன்பே தெரியும். அதனால் பெயர் எங்கே போய் முடிய வேண்டும் என்று வாய்க்குத் தெரிந்திருக்கும். கண் அதைப் பிடித்துக்கொள்ளும். று, டு, கு, து, ழு ஐந்தும் இதிலேயே வந்துவிடும்.

பேரனுக்கு ஐந்து வயது. எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் 'படம்' என்று எழுதிக் காட்டினால் "ப, ட, இம்" என்கிறான். சேர்த்துச் சொல்லுடா என்றால் "படஇம்" என்கிறான். நான் இக், இங், இச் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். நாங்களும் அப்படித்தானே படித்தோம்?
– ஒரு பாட்டி, ஸ்ரீராமபுரம்

அம்மா, உங்கள் காலத்தில் பள்ளியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிப் படித்ததில் அந்த 'இ' தானாக உதிர்ந்துவிட்டது. ஐந்து வயதில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அது முள்ளாக நிற்கிறது. 'ம்' என்பதன் பெயர் 'இம்' என்று கற்றவன், சொல்லுக்குள்ளும் அந்தப் பெயரையே சொல்கிறான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அவன் சரியாகத்தான் செய்கிறான்.

இனிமேல் புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகக் காட்டிக் கேட்காதீர்கள். அது எப்போதும் முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டியே வர வேண்டும். 'படம்' என்று பெரிதாக எழுதி, ப-வை விரலால் மூடிக்கொள்ளுங்கள். 'டம்' மட்டும் தெரியட்டும். "டம்" என்று நீங்கள் சொல்லி அவனையும் சொல்ல வையுங்கள். பிறகு விரலை எடுங்கள்: ப... டம். அடுத்து கடம், வடம், குடம், இடம் என்று முதல் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். 'டம்' ஒரே துண்டாக அவன் கண்ணில் பதியும். இதே போல ரம் (மரம், காரம், வாரம்), ல் (பால், கால், வால்), ட்டி (பாட்டி, வட்டி, சுட்டி).

எழுத்தே காட்டாமல் கைதட்டி விளையாடுவதும் பெரிய உதவி. மயில் என்றால் இரண்டு தட்டு: ம–யில். பட்டம் இரண்டு: பட்–டம். வானவில் மூன்று: வா–ன–வில். காய் நறுக்கும்போது கத்தரிக்காய் எத்தனை தட்டு, முருங்கைக்காய் எத்தனை தட்டு என்று கேளுங்கள். சொல்லை ஒலியாக உடைக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தை ஒலியாகச் சேர்ப்பது எளிது. உடைக்கத் தெரியாத பிள்ளைக்கு எத்தனை எழுத்து தெரிந்தாலும் சேர்க்க வராது.

கூட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். "மாஆஆன்" என்று பாட்டுப் போல இழுத்தால் சொல் அறுபடாது. நிறுத்தி நிறுத்திச் சொன்னால், மூன்றாம் எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோயிருக்கும்.

இன்னொன்றும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறோம். 'பால்' என்று எழுதியதை "பாலு" என்பான், 'தலை'யை "தல" என்பான். அதற்குத் திட்டாதீர்கள். எழுத்தைப் பார்த்து, சொல்லைக் கண்டுபிடித்து, வீட்டில் பேசுகிறபடி சொல்கிறான். அது பொருள் புரிந்த வாசிப்பு. "ஆமாம், பாலுதான். புஸ்தகத்துல பால்னு இருக்கு, பாரு, புள்ளி வெச்சிருக்கு" என்று ஒரு முறை காட்டினால் போதும்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரில். கன்னட மீடியத்தில் படித்தேன். தமிழ் பேசுவேன், ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. (இந்தக் கடிதத்தை என் மாமியார் எழுதித் தருகிறார்.) மூன்றரை வயது மகன் தமிழ் எழுத்து கேட்கிறான். நானே தெரியாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– வாசகி, மர்பி டவுன்

கன்னட எழுத்து தெரிந்தவருக்குத் தமிழ் எழுத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி. உயிர் வரிசையும், குறில் நெடிலும், எ–ஏ, ஒ–ஓ வேறுபாடும் இரண்டிலும் ஒன்றுதான். கன்னடத்தில் ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஐந்து எழுத்து. தமிழில் அதில் முதலும் கடைசியும் மட்டும் உண்டு: க ங, ச ஞ, ட ண, த ந, ப ம. ய ர ல வ ள அப்படியே இருக்கின்றன. கூடுதலாக ழ, ற, ன. இவற்றில் ழ-வும் ற-வும் பழைய கன்னடத்தில் இருந்து பின்னால் வழக்கொழிந்தவைதான். ஹளெகன்னடக் கல்வெட்டுகளில் அவற்றைக் காணலாம்.

உங்களுக்குக் குழப்பம் வரக்கூடிய இடம், நடுவில் இருக்கும் மூன்று எழுத்துகளின் வேலையையும் முதல் எழுத்தே செய்வது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சொல்லின் முதலிலும், புள்ளியோடு இரட்டித்து வரும்போதும் அழுத்தமான ஒலி: கல், பக்கம். மெல்லின எழுத்துக்குப் பின்னாலும், இரண்டு உயிரொலிக்கு நடுவிலும் மென்மையான ஒலி: தங்கம், பகல். வேற்றுமொழிச் சொற்களில் இந்தக் கணக்கு தவறும். தமிழ் பேசுகிற உங்களுக்குச் சொல்லே ஒலியைச் சொல்லிவிடும் என்பதால் பயம் வேண்டாம்.

கன்னட ஒத்தக்ஷரம் போல அடியில் தொங்கும் எழுத்து தமிழில் கிடையாது. புள்ளி வைத்து வரிசையிலேயே எழுதிவிடுவோம். இது உங்களுக்கு லாபம். கொம்பு (கெ, கே-வில் க-வோடு சேரும் குறி), எழுத்துக்கு முன்னால் வருவதுதான் புதிதாக இருக்கும். கன்னடத்தில் எகரம் தலையில் ஏறும், தமிழில் இடப்பக்கம் நிற்கும்.

தினமும் அரைமணி நேரம் ஒதுக்கினால் மூன்று நான்கு வாரத்தில் உங்களால் மழலைப் புத்தகம் படித்துக் காட்ட முடியும். மாமியாரிடம் உட்காருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்களில் ஒலியோடு கேட்கலாம். மகனுக்கு மேலே சொன்ன ப, ட, ம வரிசையிலேயே போங்கள், நீங்கள் அவனைவிட ஒரு வாரம் முன்னால் இருந்தால் போதும். மூன்றரை வயதில் அவனுக்குப் பாடம் என்று ஒன்று வேண்டாம். கேட்கும்போது காட்டுங்கள், கேட்காதபோது கதை சொல்லுங்கள். அம்மாவும் தன்னோடு சேர்ந்து எழுத்துக் கூட்டுகிறாள் என்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது பெரிய சந்தோஷம், மறைக்காதீர்கள்.

பள்ளியில் இங்கிலீஷ். ஒன்றாம் வகுப்பில் கன்னடமும் வந்துவிடும். இதில் தமிழும் சேர்ந்தால் குழந்தை குழம்பாதா? பள்ளியில், "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள்" என்கிறார்கள்.
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

குழம்பாது. வீட்டில் தமிழும், காய்கறிக்காரரிடம் கன்னடமும், பள்ளியில் இங்கிலீஷும் பேசும் பிள்ளைகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒரு வாக்கியத்தில் மூன்று மொழியும் கலந்து வந்தால், அந்த நேரத்துக்கு வாயில் கிடைத்த சொல்லைப் போட்டுப் பேசுகிறது என்றுதான் பொருள். வீட்டுத் தமிழை விட்டுவிடாதீர்கள். கதையும் பாட்டும் கேள்வியும் நிறைந்த வீட்டுப் பேச்சுதான் எந்த மொழியின் வாசிப்புக்கும் அடித்தளம்.

கன்னடத்தைப் பொறுத்தவரை, 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி இங்குள்ள பள்ளிகளில் 1-ஆம் வகுப்பிலிருந்து அது கட்டாயம். அதை எதிர்பார்த்து இப்போதே மூன்று மொழி எழுத்தையும் ஒன்றாகத் தொடங்கத் தேவையில்லை. பிள்ளைக்கு எந்த மொழியில் அதிகச் சொற்கள் தெரியுமோ அதில் வாசிப்பைத் தொடங்குங்கள். வீட்டில் தமிழ் என்றால் தமிழ். எழுத்து என்பது ஒலியைக் காட்டுவது என்ற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால், அடுத்ததற்குப் புது வடிவங்கள் மட்டும்தான் வேண்டும். கன்னடமும் தமிழும் உயிர்மெய் முறையில் நடப்பதால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரும்.

கலக்கும் இடம் சின்னதாக ஒன்று உண்டு. இங்கிலீஷ் பெரிய எழுத்து தெரிந்த பிள்ளை ட-வைப் பார்த்து "எல்" என்றும், ப-வைப் பார்த்து "யூ" என்றும் சொல்லும். வடிவம் அப்படி. தமிழ் அட்டைகளுக்கு ஒரு நிறம், இங்கிலீஷ் அட்டைகளுக்கு வேறு நிறம் என்று வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் இருந்தால் சில நாளில் போய்விடும். இங்கிலீஷ் ஒலிகளை வீட்டில் சொல்லும்போது பின்னால் ஒரு 'உ' சேர்க்காதீர்கள். 'பு–எ–டு' என்றால் 'பெட்' வராது.

அவசரமும் வேண்டாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை அடித்தளப் பருவம் என்கிறது. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், பிள்ளைகள் புரிந்து படிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் எல்லை 3-ஆம் வகுப்பின் முடிவு. உங்கள் பிள்ளைக்கு நான்கு வயது என்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது பாருங்கள்.

'கோழி' என்பதை "கே, ர, ழி" என்று படிக்கிறாள். 'காகம்' சில சமயம் "கரகம்" ஆகிறது. ண, ந, ன-வுக்கும் ல, ள, ழ-வுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.
– வாசகி, விவேக்நகர்

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. காலும் ர-வும் பார்க்க ஒன்று போலிருக்கும். ர-வின் அடியில் இருக்கும் சிறு சாய்கோடுதான் வித்தியாசம். அட்டையில் ர எழுதும்போது அந்த வாலைச் சிவப்பில் நீளமாக இழுத்துக் காட்டுங்கள். சில வாரம் கழித்துக் கறுப்புக்கு மாறலாம். அச்சிலும் வால் தெளிவாகத் தெரிகிற புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.

கொம்பு சிக்கல் வேறு. இடமிருந்து வலம் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முதலில் நிற்கும் கொம்பைப் பிறகு சொல்லச் சொல்கிறோம். பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்? கொம்பைத் தனி அட்டையாகச் செய்யாதீர்கள். கெ, மே, தே என்று எழுத்தோடு சேர்த்தே எழுதி, சுற்றிலும் ஒரு கட்டம் போடுங்கள். கட்டத்துக்குள் இருப்பது ஒரே ஒலி. கோ, மோ, தோ இவற்றுக்கும் அப்படியே: கொம்பும் காலும் எழுத்தை இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்திருக்கின்றன என்று சொல்லுங்கள். 'கோழி'க்கு இரண்டு கட்டம்தான் வரும். இரண்டு கட்டம், இரண்டு ஒலி. மேல், தேன், பேனா, தோசை, கோழி என்று தெரிந்த சொல்லாகக் கொடுங்கள்.

ண, ந, ன பற்றி இப்போது கவலை வேண்டாம். நாலு வயதில் காது பிரிக்காத ஒலியைக் கண்ணால் பிரிக்கச் சொல்வது வீண் பாடு. மூன்றையும் 'ன' என்று படித்தாலும் சொல் புரிந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் தெரிந்துகொள்ள: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்ற பெயரிலேயே விடை இருக்கிறது. த-வுக்கு முன் ந் (பந்து), ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று). சொல்லின் முதலில் ந. ல, ள, ழ-வும் அப்படித்தான். வாசிக்கும் நேரத்தில் "பளம் இல்ல, பழம்" என்று நாக்கைத் திருத்த ஆரம்பித்தால் வாசிப்பு நின்றுவிடும். நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள், பிள்ளையின் காது எடுத்துக்கொள்ளும்.

இங்கே தெருவில் தமிழ் எழுத்தையே பார்க்க முடிவதில்லை. என்ன படிக்கக் கொடுப்பது? ஊரிலிருந்து அப்பாவின் பழைய சிறுவர் புத்தகங்கள் ஒரு பெட்டி வந்திருக்கிறது.
– வாசகர், கே.ஆர்.புரம்

உண்மைதான். மெட்ரோ நிலையப் பெயர்கள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருக்கின்றன. கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்பது 2024-இல் வந்த சட்டத்திருத்தம். சென்னையில் ஒரு பிள்ளை பஸ்ஸில் போகும்போதே நூறு தமிழ்ச் சொல் கண்ணில் படும். இங்கே அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஊரிலிருந்து வரும் அப்பளப் பாக்கெட், ஊறுகாய் பாட்டில், ஜவுளிக்கடை மஞ்சப்பை, காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தமிழ் நாளிதழின் பெரிய தலைப்பு எல்லாமே பாடப் பொருள்தான். சமையலறை டப்பாக்களில் உப்பு, பருப்பு, மிளகு, கடுகு என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். "கடுகு டப்பா எடுத்துட்டு வா" என்று அனுப்புங்கள். படித்தால்தான் கிடைக்கும் என்ற நிலையில் பிள்ளை படிக்கும்.

கதைகளுக்கு, இந்த ஊரில் இருந்தே இயங்கும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். படிநிலை 1-ஐத் தேர்ந்தெடுங்கள். அச்செடுத்து நடுவில் தைத்துக் கொடுத்தால், போனில் பார்ப்பதைவிட விரல் வைத்துப் படிக்க வசதி. துளிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள், தமிழும் இங்கிலீஷும் தெரிந்த பெற்றோருக்கு நல்லது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 1-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அவனே ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

தாத்தாவின் பெட்டியை நீங்கள் படித்துக் காட்டலாம். பிள்ளை கையில் கொடுக்கும் முன் பாருங்கள்: ணா, றா, னா, லை, ளை, ணை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை வேறு வடிவத்தில் இருந்தன. லை-யின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும். இப்போதுதான் 'வலை' படிக்கக் கற்ற பிள்ளை அங்கே நின்றுவிடும். நன்றாகப் படிக்க வந்த பிறகு காட்டினால் ரகசிய எழுத்து போல ரசிப்பான்.

இன்னொரு விஷயம்: புத்தகத்தில் 'செல்கிறான்', 'இருக்கிறது' என்று இருக்கும், வீட்டில் 'போறான்', 'இருக்கு'. பிள்ளைக்கு இது பாதி அந்நிய மொழி. பக்கத்தை எழுதியிருக்கிறபடி ஒரு முறை படியுங்கள், உடனே நம் பேச்சில் ஒரு முறை சொல்லுங்கள். சில மாதத்தில் புத்தகத் தமிழ் காதுக்குப் பழகி, இரண்டாவது முறை தேவைப்படாது.

படிக்க ரொம்ப ஆசை. எழுதச் சொன்னால் அழுகிறான். நாலு வயது. 'க'-வைத் திருப்பி எழுதுகிறான்.
– வாசகி, இந்திராநகர்

எழுதச் சொல்லாதீர்கள். கண்ணும் காதும் தயாராக இருக்கின்றன, விரல் இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான். வாசிப்புக்கு எழுத்து வேலை முன்நிபந்தனை கிடையாது. தாம்பாளத்தில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ரவை பரப்பி ஒரு விரலால் இழுப்பது, தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் மாடித் தரையில் எழுதுவது, சப்பாத்தி மாவில் ப, ட பிடிப்பது, இவை போதும். விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதே முறை. சிலேட்டு கொடுத்தால் பல்பத்தைக் கடித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி எழுதுவது இந்த வயதில் சகஜம், ஏழு வயது வரைகூட வரும். இடக்கையால் எழுதினால் மாற்றாதீர்கள்.

படத்தைப் பார்த்துவிட்டுக் கதையை அடித்துவிடுகிறான். உண்மையில் படிக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சிவாஜிநகர்

அந்தக் கதையில் வரும் ஒரு சொல்லைப் படமில்லாத தாளில் எழுதி, காபி குடிக்கும்போது சாதாரணமாகக் காட்டுங்கள். படித்தால் படிக்கிறான். படிக்காவிட்டாலும் ஏமாற்றுகிறான் என்று நினைக்காதீர்கள். மனப்பாடமாகக் கதை சொல்வது வாசிப்புக்கு முந்தின படி. ஆனால் "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்று நீங்கள் தூண்டாதீர்கள். சொல்லில் தடுக்கினால் முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள், மூன்று எண்ணும் நேரம் காத்திருங்கள், வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

நாலு வயதில் படிக்க வராததற்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் நாலு வயதிலும் பிள்ளை பேசுவது வெளியாருக்குப் புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, புத்தகத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிறது என்றால் காது, கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அடிக்கடி சளியும் காதுவலியும் வரும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் அவ்வப்போது குறைவதுண்டு. எழுத்தின் ஒலி பிடிபடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். குடும்பத்தில் வாசிப்புச் சிரமம் உள்ளவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு என்று உறுதியாகச் சொல்ல ஏழெட்டு வயதாவது ஆக வேண்டும். அதற்கு முன் யாரும் முத்திரை குத்தினால் ஏற்காதீர்கள்.

ஒரே புத்தகத்தை இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரி படிக்கச் சொல்கிறாள். வேறு எடுத்தால் அழுகை. என்ன செய்வது?
– வாசகி, அல்சூர்

அதையே படியுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால்தான் அவளால் எழுத்தைக் கவனிக்க முடிகிறது. முதலில் சில நாள் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரல் வைத்துப் படியுங்கள். பிறகு பக்கத்துக்கு ஒரு சொல்லில் விரலை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். அவள் சொல்வாள். அடுத்த வாரம் இரண்டு சொல். ஒரு நாள் உங்கள் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைப்பாள், அன்றைக்குப் புத்தகத்தை அவள் மடிக்கு மாற்றிவிடுங்கள்.